சீல் அண்ணையின் வெண்கலப் பறவை

நோர்பரிக் கடைத்தெருவை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு ஸ்டேஷன் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பையில் இரண்டு சோடி உடுப்பு, ஒரு போர்வை, சவரச் சாமான்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பத்திரிகைத் தாளில் சுற்றிய, அப்போதுதான் சுட்ட ஒரு பாண். அதன் சூடு பையைத் தாண்டி முதுகில் உறைத்தது. சீல் அண்ணை கடை வாசலுக்கு வந்து, தெருவில் போகிற எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினார்.

"தம்பி, ட்ரெயினுக்குள்ள பிய்ச்சுத் தின்னாதை! நாளைக்கு வேலை செய்யிற இடத்தில வைச்சுத் திற. விளங்குதோ?"

"நாளைக்கு எனக்கு வேலையே இல்லையே அண்ணை."

"அதுக்குத்தான் சொல்லுறன்!"

இதுதான் சீல் அண்ணை. லண்டன் மாநகரில் ஆண்டவருக்கும் பாண் வேகும் போறணைக்கும் நடுவில் நின்று இவரைப்போலக் குழப்பம் உண்டாக்கிய மனிதர் முன்பு இருந்ததில்லை. இனிமேலும் ஒருவர் வருவார் என்று நான் நம்பவில்லை. அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. அவர் இந்த நாட்டுக்கு வந்த பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் இருந்ததாம். அதுவும் அவருடையதல்ல.

நான் அந்தக் கடைக்கு வந்து சேர்ந்ததும் இதே போல ஒரு நடையில்தான். அதற்கு முன்பு பார்க்கிங் என்கிற ஊரில் ஒரு குளிர்க் கிடங்கில் உறைந்த கோழிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என் விரல்கள் நான் சொல்வதைக் கேட்பதை நிறுத்திவிட்டன. நானும் வேலையை நிறுத்தினேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவனுக்கு மற்றவற்றை விடுவது கஷ்டமாக இருப்பதில்லை. சூடான இடத்தில் ஒரு வேலை வேண்டும் என்று விசாரித்தேன். லண்டனில் ஒரு தமிழனுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சூடான இடம் நோர்பரியில் அக்காவின் பேக்கரி என்றார்கள்.

அக்கா யாழ்ப்பாணத்துச் சைவம். நெற்றியில் திருநீறு, கல்லாவுக்கு மேலே முருகன் படம், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில். கடைக்கு வருகிற எல்லாருக்கும் அவர் அக்காதான். தலை முழுதும் நரைத்த சீல் அண்ணையும் அவரை அக்கா என்றே கூப்பிடுவார். அக்கா அவரை அண்ணை என்பார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மூத்தவராக்கிவிட்டதால், யார் சொல்வதை யார் கேட்பது என்பது நான் இருந்தவரைக்கும் முடிவாகவில்லை.

முதல் நாள் காலை, நான் ஏப்ரன் கட்டி முடிப்பதற்குள் சீல் அண்ணை ஒரு பிடி மாவை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதன்மேல் எதையோ வைத்து ஓர் அமத்து அமத்தினார்.

"பார். என்ன தெரியுது?"

மாவில் ஒரு சிறிய சிலுவை பதிந்திருந்தது. பக்கத்தில் நாலைந்து விளங்காத எழுத்துகள். ஒரு மூலையில் ஏதோ ஒரு பறவை, அதன் பின்னால் வாழை இலைக் கிழிசல் மாதிரி ஒன்று.

"கோழி," என்றேன். கோழிப் பெட்டிகளிடமிருந்து தப்பி வந்தவனுக்கு வேறு என்ன தெரியும்?

"கோழியோ! விசரா, அது புறா. பரிசுத்த ஆவி. நீ வேலைக்கு வந்தனியோ, பாவம் செய்ய வந்தனியோ?"

அவர் கையில் இருந்தது ஒரு வெண்கலச் சீல். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. பின்பக்கம் விரல் நுழைகிற அளவில் ஒரு வளையம். மூலை முடுக்கெல்லாம் பச்சைக் களிம்பு. பழைய சாமான் சந்தை ஒன்றில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அதை மேசையில் இழுத்துத் திறக்கிற லாச்சியின் கைபிடி என்று சொல்லி விற்றுக்கொண்டிருந்தாராம். சீல் அண்ணையின் அறை லாச்சிக்குக் கைபிடி இல்லை. வாங்கி வந்தவர், பூட்டுவதற்கு முன்பு அது எவ்வளவு கூர் என்று பார்க்கப் பிசைந்த மாவில் குத்திப் பார்த்தார். மாவில் சிலுவை எழுந்தது. அந்த லாச்சிக்கு இன்றுவரை கைபிடி இல்லை.

அதற்குப் பிறகு அவர் நூலகத்துக்குப் போய் ஒரு தடித்த படப் புத்தகத்தைக் கண்டுபிடித்தார். பைசாந்தியம் என்றொரு பழைய கிறிஸ்தவப் பேரரசு இருந்ததாம். அங்கே பாணுக்கும், சாடிகளின் மூடிக்கும், மெழுகுக்கும் இப்படி வெண்கலத்தால் சீல் குத்துவார்களாம். தேவாலயப் பூசைக்குப் போகிற பாணில் கிறிஸ்து வெல்கிறார் என்று குத்துவார்களாம். சீல் அண்ணை கரையோரத்துக் கத்தோலிக்கர். அந்தப் புத்தகத்தில் அவர் படங்களை மட்டும்தான் பார்த்தார். மிச்சத்தை விசுவாசத்தால் நிரப்பிக்கொண்டார்.

அன்று தொடக்கம் கடையில் எதையும் சும்மா தொட முடியவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு பொருள் இருந்தது. சிலுவையின் நாலு கை நாலு திசை. நங்கூரம் என்றால் நம்பிக்கை. மீன் என்றால் கிறிஸ்து. அந்தப் பேரரசின் மொழியில் மீன் என்கிற சொல்லின் எழுத்துகளுக்குள் அவருடைய பெயரும் பட்டங்களும் ஒளிந்திருக்கின்றனவாம்.

"அக்கா, இவ்வளவு காலமா நீங்கள் மீன் ரோல்ஸ் விக்கிறியள். உங்களுக்குத் தெரியாமலே நீங்கள் ஒரு விசுவாசி."

"அண்ணை, ரோல்ஸ் கருகுது."

ஆனால் சீல் குத்துவது அவர் நினைத்ததுபோல லேசான வேலையாக இருக்கவில்லை. ஈஸ்ட் போட்ட மாவுக்குப் பக்தி கிடையாது. அழகாகக் குத்தி உள்ளே தள்ளுவார். வெளியே வரும்போது சிலுவை வீங்கி, பறவைக்கு வயிறு வைத்து, எழுத்தெல்லாம் பழைய காயத் தழும்பு மாதிரி இருக்கும். சீல் அண்ணை போறணைக்கு முன்னால் நின்று பாண்களைப் பேர் சொல்லாமல் திட்டுவார். பிறகு ஈஸ்டைக் குறைத்துப் பார்த்தார். மாவை இறுக்கமாகப் பிசைந்தார். சீல் குத்திய இடத்தைச் சுற்றி ஈர்க்கால் ஓட்டை போட்டுக் காற்று போக வழி செய்தார். கடைசியில் ஒரு நாள், எழுத்து எழுத்தாக, கூரான கண்ணும் சொண்டுமாக ஒரு பறவை பாணின் நெற்றியில் வந்து இறங்கியது. பாண் செங்கல் மாதிரி இருந்தது என்பது வேறு விஷயம்.

அந்தச் செங்கல்தான் விற்றது! அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. நோர்பரியில் எங்கள் சனத்தில் பாதிப் பேருக்குச் சுகர். மிச்சப் பேருக்குச் சுகர் வரப்போகிறது என்ற பயம். கனமான, கறுத்த, மேலே பிளஸ் அடையாளம் போட்ட ஒரு பாணைக் கண்டதும் அவர்கள் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

"பிள்ளை, அந்த பிளஸ் போட்ட மருந்துப் பாண் ஒண்டு தாங்கோ."

சீல் அண்ணை உள்ளேயிருந்து கை முழுக்க மாவோடு ஓடிவருவார். "அது பிளஸ் இல்லை ஐயா, சிலுவை!"

"என்னவோ, எனக்குச் சுகர் இறங்கியிருக்குத் தம்பி. ரெண்டாத் தாங்கோ."

ஓர் ஆங்கிலேயப் பெண்மணி எட்டிப் பார்த்து, ஈஸ்டர் முடிந்து இவ்வளவு நாளான பிறகும் சிலுவை போட்ட பணிஸ், அந்தக் குட்டி இனிப்புப் பாண், விற்கிறீர்களே என்று சந்தோஷப்பட்டு வாங்கிப் போனார். அக்கா கல்லாவையும் முருகனையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சொல்ல வைத்தது வாணி விழா. ஹரோவில் இருக்கிற ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளின் தேநீருக்குப் பணிஸ் கேட்டிருந்தார்கள். சீல் அண்ணைக்கு அன்று கை நல்ல ஓட்டம். நான் தட்டைத் திரும்பிப் பார்ப்பதற்குள் அத்தனை பணிஸிலும் குத்திவிட்டார். சரஸ்வதி படத்துக்கு முன்னால், கும்பத்துக்குப் பக்கத்தில், வரிசை வரிசையாகச் சிலுவைகள் போய் இறங்கின. பிள்ளைகள் குதூகலமாகச் சாப்பிட்டார்களாம். ஒரு பிள்ளை மட்டும் மேடையில் ஏறி, "மிஸ், இண்டைக்குச் சரஸ்வதிக்கு பர்த்டேயா, ஜீசஸுக்கு பர்த்டேயா?" என்று மைக்கில் கேட்டுவிட்டது.

பள்ளிக்கூடத்துத் தலைவர் தொலைபேசியில் கத்தியது எங்களுக்கு மாவு அறைவரை கேட்டது. அக்கா "ஓம்... ஓம்... ஓம் ஐயா" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"அண்ணை, உந்தக் கண்டறியாத சாமான் என்னெண்டு தெரிஞ்ச ஒராள் என்ர காதில சொல்ல வேணும். சேர்ச்சுச் சாமான் எண்டால் சேர்ச்சில குடுங்கோ. என்ர போறணைக்குள்ள ரெண்டு சாமி இருக்க ஏலாது."

"அது போனால் நானும் போவன் அக்கா."

"எங்க போவியள்?"

கடைக்கு மேலே இருந்த அறைதான் அவருடைய வீடு. போறணைதான் அவருடைய குடும்பம். அதன் எந்த மூலையில் சூடு கூட, எந்த மூலையில் குறைய என்று கையை நீட்டியே சொல்லுவார்.

அடுத்த நாள் விடியற்காலை மாவு பிசைந்துகொண்டிருந்தபோது நான் சொன்னேன்: "விடுங்கோ அண்ணை. லாச்சிக்கே பூட்டிவிடுங்கோ. அக்காவும் பேசாமல் இருப்பா."

அவர் பிசைவதை நிறுத்தவில்லை.

"தம்பி, நான் இஞ்ச வரேக்க என்ர பாஸ்போர்ட்டில எத்தினை சீல் இருந்தது தெரியுமோ? அவ்வளவும் கள்ளச் சீல். ஒரு ஊரில ஒருத்தன் உருளைக்கிழங்கில வெட்டிக் குத்தினவன். அந்தக் கிழங்குதான் என்னைக் காப்பாத்தினது, நான் குறை சொல்லயில்லை. ஆனா ஒரு சீலாவது அசலா என்ர கையில இருக்கட்டும் எண்டு ஆசை. அவ்வளவுதான்."

அவருடைய நிலைமை எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. சீல் போலி என்று வந்தால் போறணை மிஞ்சும், மனுசன் உடைந்துபோவார். அசல் கோயில் சீல் என்று வந்தால் மனுசனுக்குப் பெருமை மிஞ்சும், போறணை போய்விடும். இப்படி இரண்டு பக்கமும் வெட்டுகிற ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பதில் தேடி நாங்கள் பஸ் ஏறினோம்.

நகரத்தின் நடுவில் பழம்பொருட்களைப் பார்த்துச் சொல்கிற ஒரு நிலையம் இருந்தது. சீல் அண்ணை, யாருடைய கல்யாணத்துக்கோ தைத்த கோட்டைப் போட்டிருந்தார். சீல் ஒரு வெள்ளைக் கைக்குட்டையில், ரோல்ஸ் பெட்டிக்குள் இருந்தது. நான் மொழிபெயர்ப்பாளன். என் ஆங்கிலம் பெற்றோல் ஸ்டேஷனில் படித்தது. எத்தனையாம் பம்ப், ரசீது வேணுமா என்பதைத் தாண்டி அதிகம் போகாது. பஸ்ஸில் அவர் எனக்குப் பாடம் எடுத்தார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கூடக் கதைக்காதை. ஒருக்காச் சொன்னதை மாத்தாதை. மாத்தினியோ, கேஸ் முடிஞ்சுது."

"அண்ணை, இது கேஸ் இல்லை. சும்மா பாத்துச் சொல்லுவினம்."

"என்ர அகதிக் கேஸிலயும் முதல்ல அப்பிடித்தான் சொன்னவை."

உள்ளே ஒரு மேசை, ஒரு விளக்கு, ஓர் இளம்பெண். கண்ணில் பெரிய கண்ணாடி, முகத்தில் நல்ல சிரிப்பு. சீல் அண்ணை அந்தச் சிரிப்பை நம்பவில்லை. சிரிக்கிறவர்கள்தான் அதிகம் கேட்பார்கள் என்பது அவருடைய அனுபவம்.

"இது உங்களிடம் எப்படி வந்தது?" என்று அந்தப் பெண் கேட்டார்.

சீல் அண்ணை எழுந்து நின்றார். "தனியத்தான் வந்தது எண்டு சொல்லு."

"அதற்கு முன்னால் எங்கே இருந்தது?"

"ஏஜென்சிக்காரன் ஒண்டும் சொல்லயில்லை எண்டு சொல்லு."

"ஆரண்ணை ஏஜென்சிக்காரன்? இது ஆள் கடத்தின கேஸோ?"

"வித்த கிழவன்தான்ரா!"

"ஏதாவது பத்திரங்கள் இருக்கின்றனவா?"

சீல் அண்ணையின் கழுத்து நரம்பு புடைத்தது. "தம்பி, வடிவாச் சொல்லு. இது எத்தினை சண்டைக்குள்ளால வந்திருக்கும்? எத்தினை ராசா மாறியிருப்பினம்? உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு வாறது பத்திரத்தை எடுத்துக்கொண்டு வருமோ? பத்திரம் இல்லாததே அதுக்கு அத்தாட்சி எண்டு சொல்லு."

நான் அந்தப் பெண்ணிடம் திரும்பி, "இல்லை," என்றேன்.

"என்னடா, நான் இவ்வளவு சொன்னன், நீ ஒரு சொல்லிலயே முடிச்சுப்போட்டாய்!"

அந்தப் பெண் சீலைப் படம் பிடித்தார். முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பின்பக்கம் ஒன்று. சீல் அண்ணை என் காதில், "விரல் அடையாளம் எடுக்க மறந்துபோனா," என்றார். பிறகு, சுத்தம் செய்து நன்றாகப் பார்க்க வேண்டும், சில வாரங்கள் இங்கேயே விட்டுவிட்டுப் போக முடியுமா என்று அந்தப் பெண் கேட்டார். நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது.

"உள்ளுக்கு வைக்கப்போயினம்," என்றார்.

கொஞ்ச நேரம் கைக்குட்டையை மடித்தார், விரித்தார். பிறகு சீலை மேசையில் வைத்துவிட்டு, என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இரவில லைற்றை நூத்துவிடச் சொல்லு. முழு நேரமும் லைற் எரிஞ்சால் நித்திரை வராது."

அவரை முன்பு ஒரு காலத்தில் எங்கே, எப்படி வைத்திருந்தார்கள் என்று நான் கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. லைற்றை அணைத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண் ஆச்சரியப்பட்டார். பிறகு, நிச்சயமாக அணைத்துவிடுகிறோம் என்றார். நல்ல பிள்ளை.

அந்த வாரங்களில் கடை களையிழந்துவிட்டது. பாண்கள் மொட்டைத் தலையோடு வெளியே வந்தன. சுகர்க்காரர் ஒருவர் வந்து, "பிளஸ் இல்லாத பாண் எனக்கு ஏத்திப்போட்டுது," என்று சண்டை பிடித்தார். சீல் அண்ணை லீவு நாள் தவறாமல் மீன் ரோல்ஸ் பொதியோடு அந்த நிலையத்துக்குப் போனார். உள்ளே விட மாட்டார்கள். வாசலில் இருந்த காவலாளியிடம் கையைக் காட்டி, முகத்தைக் காட்டி, சுகமா என்று கேட்பார். காவலாளி பெருவிரலை உயர்த்துவார். பொதி கைமாறும். திரும்பி வருவார். அந்தக் காவலாளி கொஞ்சம் கொழுத்திருப்பார் என்பது என் ஊகம்.

முடிவு சொல்கிற நாளில் அக்காவும் வந்தார். எங்கள் இரண்டு பேருடைய ஆங்கிலத்திலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. பட்டுச் சேலைக்கு மேலே குளிர்க் கோட், நெற்றியில் வழக்கத்தைவிட அகலமான திருநீறு. மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். நான் நடுவில், எல்லை மாதிரி.

அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் சீல் அண்ணை, என்னைக் கேட்காமலே, தன் சொந்த ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மேடம். ஒரிஜினல்?"

"என் கண்ணுக்கு அசல்தான்," என்றார் அவர். "மிகப் பழையது. நிறையக் காலம் பாவித்துத் தேய்ந்தது."

சீல் அண்ணை நாற்காலியில் சாய்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. "தம்பி," என்றார், "அதுக்கு விசா கிடைச்சிட்டுது."

அக்காவின் முகம் இறுகியது. "அப்ப சேர்ச்சுச் சாமான்தான்."

"கோயிலுடையதா இல்லையா என்று கேட்கிறார்," என்றேன் நான்.

இல்லை என்றார் அந்தப் பெண். கோயில் பாணுக்குக் குத்துகிற சீலில் வேறு வாசகம் இருக்குமாம். இது யாரோ ஒரு சாதாரண மனிதருடையதாம். ஒரு பாண்காரராக இருக்கலாம், எண்ணெய் விற்றவராக இருக்கலாம். தன் சரக்கில் குத்துவதற்குச் செய்வித்தது. இங்கே ஒரு சிலுவை. பக்கத்தில் 'ஆண்டவரே, உதவி செய்' என்று எழுத்து. அதற்குக் கீழே உதவி கேட்டவரின் பெயர் இருந்த இடம். அது தேய்ந்து ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

"கடைக்காரரோ?" என்றார் அக்கா. குரலில் ஒரு மாற்றம். அவரும் கடைக்காரர்.

"அப்ப, இந்தப் புறா..." சீல் அண்ணை தொடங்கினார்.

"கோழி," என்றேன்.

அந்தப் பெண் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். களிம்பு நீங்கிய சீல் திரை முழுக்க நின்றது. பறவையின் தலையில் மூன்று சிறு கொண்டைப் புள்ளிகள். நாங்கள் வாழை இலைக் கிழிசல் என்று நினைத்திருந்தது ஒரு நீண்ட தோகை. தோகை நிறையக் கண்கள்.

"மயில்," என்றார் அந்தப் பெண். மயிலின் இறைச்சி அழுகாது என்று அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்கள் நம்பினார்களாம். அதனால் அவர்களுக்கு மயில் என்றால் சாவில்லாத வாழ்வு.

நான் இதைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை. அக்காவின் இரண்டு கைகளும் தாமாகவே ஒன்றுசேர்ந்துவிட்டன.

"முருகா!"

"அக்கா, அது உயிர்த்தெழுதலின்ர மயில்," என்றார் சீல் அண்ணை, அவசரமாக.

"மயில் மயில்தான் அண்ணை. நான் அப்பவே நினைச்சனான், உது சும்மா குருவி இல்லையெண்டு."

"நீங்கள் எப்ப நினைச்சனீங்கள்? பாணைத் திரும்பிக்கூடப் பாக்கயில்லையே!"

"மனசுக்குள்ள நினைச்சனான். உங்களுக்குச் சொல்ல வேணுமோ?"

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்களிடமும் மயிலுக்குப் பொருள் உண்டா என்று மரியாதையாகக் கேட்டார். அது அவர் செய்த தவறு. அக்கா சூரனில் தொடங்கி, மாமரத்தைப் பிளந்து, சேவலுக்கும் மயிலுக்கும் வருவதற்குள் வெளியே காத்திருந்தவர்கள் இரண்டு முறை கதவைத் தட்டிவிட்டார்கள்.

பஸ்ஸில் சீல் அக்காவின் மடியில் வந்தது. சீல் அண்ணை பக்கத்து சீட்டிலிருந்து அதையே பார்த்துக்கொண்டு வந்தார். நோர்பரி நெருங்கும்வரைக்கும் மயில் யாருடையது என்பது தீரவில்லை. கடைசியில் அக்கா ஒரு தீர்ப்புச் சொன்னார்: "குத்துங்கோ. ஆனா மயில் மேல வாற மாதிரிக் குத்துங்கோ."

வெள்ளிக்கிழமை அக்கா ஒரு பாணைத் தாம்பாளத்தில் வைத்துக் கோயிலுக்கே கொண்டுபோனார். பாண் படைப்பது வழக்கமா என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் மயிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சிலுவையை என்ன செய்தார்கள் என்று நான் விசாரித்தேன்.

"அதோ? வேல் எண்டு நினைச்சிட்டினம்," என்றார் அக்கா. "நானும் ஒண்டும் சொல்லயில்லை."

சீல் அண்ணை இதைக் கேட்டு ஒரு நாள் முழுக்கப் போறணையோடு மட்டும் கதைத்தார். அடுத்த நாள், "சிலுவையும் மரம், வேலும் மரத்திலதானே செருகியிருக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிச் சமாதானமாகிவிட்டார்.

வாடிக்கையாளர்கள் பாணில் பெயர் எழுதித் தரச் சொல்லிக் கேட்கத் தொடங்கினார்கள். ஆண்டவரே, உதவி செய் என்பதற்குக் கீழே தேய்ந்த இடம் வெறுமையாக இருக்கிறதே, அங்கே மகளின் பெயரைப் போடுங்கள், பள்ளிக்கூடச் சோதனை வருகிறது. கணவரின் பெயரைப் போடுங்கள், விசா வரவில்லை. சீல் அண்ணை ஒருவருக்கும் எழுதவில்லை. அக்கா கேட்டும் எழுதவில்லை.

"வெறுமையா இருக்கிறதுதான் சரி. வாங்கிக்கொண்டு போறவன்ர பேர் அதில தானா விழும். ஆண்டவருக்கு உங்கட வீட்டு நம்பர் தெரியும். நான் எழுத வேண்டியதில்லை."

அதற்குப் பிறகு கடையில் எல்லாம் ஒழுங்காகிவிட்டது. சண்டை குறைந்தது, பாண் விற்றது, அக்கா என்னைச் சம்பளம் கூட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகச் சொன்னார். இப்படி யாராவது சொன்னால் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும். ஏன் என்று எனக்கே தெரியாது. நான் போகப்போவதாகச் சொன்னபோது அக்கா திட்டினார். சீல் அண்ணை மாவைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

சூடான பாணோடு கடையை விட்ட அன்றிரவு ஹரோவில் தெரிந்த ஒருவருடைய அறையில், தரையில் படுத்தேன். பாணைத் தொடவில்லை. அடுத்த நாள் காலை தெருவோரம் ஒரு கார் கழுவுமிடத்தில் ஆள் தேவை என்றார்கள். பெயர் கேட்கவில்லை. முழங்கால் வரைக்கும் வருகிற றப்பர் சப்பாத்தையும் ஓர் ஏப்ரனையும் தந்து, தண்ணீர்க் குழாயைக் கையில் தந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. மழையில் யார் கார் கழுவ வருவார்கள்? கூரைக்குக் கீழே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, வேலை செய்கிற இடம் இதுதான் என்று பத்திரிகைத் தாளைப் பிரித்தேன்.

மேலே மயில், தோகை நிறையக் கண்களோடு. ஒரு பக்கம் சிலுவை. 'ஆண்டவரே, உதவி செய்.' அதற்குக் கீழே, யாருக்கும் எழுதாத அந்த இடத்தில், ஈர்க்கு முனையால் குத்திக் குத்தி, தவராசா என்று எழுதியிருந்தது.

தம்பி என்பதைத் தவிர அவர் என்னை வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் பெயர் அவருக்குத் தெரியும் என்றே நான் நினைத்திருக்கவில்லை. வீட்டு நம்பர் இல்லாதவனுக்குப் பெயராவது வேண்டும் என்று நினைத்திருப்பார்.

பாணைச் சுற்றிவரப் பிய்த்துத் தின்றேன். பெயர் இருந்த துண்டை மட்டும் மிச்சம் வைத்தேன். அப்போது மழையோடு மழையாகச் சேறு அப்பிய ஒரு வான் வண்டி உள்ளே வந்து நின்றது. அந்தத் துண்டை ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டு, குழாயை எடுத்தேன்.